ஆயுள் தண்டனை என்றால் எத்தனை வருஷம்? இரட்டை ஆயுள் என்றால் 28-ஆ?

ஆகஸ்ட் 3, 2025 – கேள்வி

என் வீட்டுக்காரரின் அண்ணனுக்கு 2014-ல் இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். நிலத் தகராறில் இரண்டு பேர் இறந்துபோனார்கள். ஹைகோர்ட்டிலும் தள்ளுபடி. ஊரில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஆயுள் என்றால் 14 வருஷம்தான், இரட்டை என்றால் 28 என்று ஒருவர். ராத்திரியையும் பகலையும் தனித்தனியாக எண்ணுவார்கள், ஏழு வருஷத்தில் வெளியே வந்துவிடலாம் என்று இன்னொருவர். ஏழு போய் பதினொன்று ஆகிவிட்டது. தண்டனைக்கு அரசியல் சாசனத்தில் ஒரு வரம்பு இருக்கத்தானே வேண்டும்? அது எத்தனை வருஷம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மாமியார் தினமும் கேட்கிறார்.

ஆகஸ்ட் 3, இரவு

14-ம் இல்லை, 28-ம் இல்லை. ஆயுள் தண்டனை என்றால் உயிர் இருக்கும்வரை. 1961-ல் கோபால் விநாயக் கோட்சே வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துச் சொல்லிவிட்டது. காந்தி கொலை வழக்கில் ஆயுள் பெற்ற அவர், கழிவு நாட்களை (நன்னடத்தைக்கும் வேலைக்கும் சிறையில் குறைத்துக் கொடுக்கும் நாட்கள்) சேர்த்தால் என் தண்டனை முடிந்துவிட்டது, விடுங்கள் என்று கேட்டுப் போனார். ஆயுள் தண்டனைக்கு முடிவுத் தேதி என்று ஒன்று கிடையாது, அரசு மனம் வைத்துக் குறைத்தால்தான் உண்டு என்று அனுப்பிவிட்டார்கள். இன்றுவரை அதுதான் சட்டம்.

ராத்திரி பகல் கணக்கு எந்தச் சட்டத்திலும் இல்லை. அதை மாமியாரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், அந்த நம்பிக்கையில் இன்னொரு வருஷம் போக வேண்டாம்.

இரட்டை ஆயுள் விஷயத்தில் உங்களுக்கு நல்ல செய்தி இருக்கிறது, அதுவும் நம் தமிழ்நாட்டு வழக்கிலிருந்தே வந்தது. ஒரே சம்பவத்தில் எட்டுப் பேர் கொல்லப்பட்ட வழக்கு, ஒவ்வொரு கொலைக்கும் ஓர் ஆயுள், ஒன்றன்பின் ஒன்றாக அனுபவிக்க வேண்டும் என்று தீர்ப்பு. முத்துராமலிங்கம் எதிர் தமிழ்நாடு அரசு என்று உச்ச நீதிமன்றம் போய், 2016 ஜூலையில் ஐந்து நீதிபதிகள் அது செல்லாது என்றார்கள். மனிதனுக்கு ஓர் உயிர்தான், முதல் ஆயுள் முடியும்போது ஆளே இல்லை, இரண்டாவது எங்கே தொடங்கும்? ஆகவே இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்தே ஓடும். ஆனால் ஒன்றில் தண்டனைக் குறைப்பு கிடைத்தால் அதுவே மற்றதற்கும் ஆகிவிடாது, இரண்டிலும் உத்தரவு வாங்க வேண்டும். மனு எழுதும்போது இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஆகஸ்ட் 4

நீங்கள் வக்கீலா என்று கேட்டிருந்தார்கள். இல்லை. தென் மாவட்டம் ஒன்றில் செஷன்ஸ் கோர்ட்டில் தட்டச்சராக 22 வருஷம் இருந்து ஓய்வு பெற்றேன். தீர்ப்பு எழுதியது நீதிபதிகள், தட்டியது நான். ஆகவே நான் சொல்வதை வக்கீல் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்றை மட்டும் என் கையே சொல்லும். கொலை வழக்கில் குற்றவாளி என்று தீர்மானித்த பிறகு, தண்டனை சொல்வதற்கு முன்னால் எதிரியிடம் (கோர்ட்டில் குற்றம் சாட்டப்பட்டவரை அப்படித்தான் எழுதுவோம்) தண்டனை பற்றி என்ன சொல்கிறாய் என்று கேட்டாக வேண்டும். கு.வி.மு.ச. (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 235(2), இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். 258(2). நான் தட்டிய பத்தி கிட்டத்தட்ட எல்லா வழக்கிலும் ஒன்றுதான்: "தண்டனை குறித்து எதிரியிடம் வினவப்பட்டபோது, தான் குற்றம் ஏதும் செய்யவில்லை என்றும், வயதான தாயார் இருப்பதாகவும், குறைந்தபட்ச தண்டனை வழங்குமாறும் தெரிவித்தார்." இரண்டு வரி. சில நாட்களில் அவர் கூண்டில் நின்று வாய் திறப்பதற்குள் இந்த இரண்டு வரியும் தட்டச்சில் ஏறியிருக்கும், ஏனென்றால் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள் என்று எங்களுக்கே தெரியும். ஒருமுறை ஒருவர் "எங்கம்மா போன மாசம் செத்துட்டாங்கய்யா" என்றார். தாயார் இருப்பதாக என்ற சொல்லை அழித்துவிட்டு, குடும்பம் இருப்பதாக என்று மாற்றினேன். அவருக்குக் குடும்பமும் இல்லை. அது அப்படியே தீர்ப்பில் இருக்கிறது.

இதைச் சொல்ல எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் அரசியல் சாசன வரம்பு எங்கே என்று நீங்கள் கேட்டீர்கள். என் அனுபவத்தில் அது இந்த இரண்டு வரிக்குள்தான் இருக்கிறது. மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 6

14 எங்கிருந்து வந்தது என்று இன்னொருவர் கேட்டார். மூன்று இடத்திலிருந்து.

ஒன்று, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 433(பி). ஆயுளை 14 வருஷத்துக்கு மிகாத சிறைவாசமாக மாற்ற அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. மாற்றலாம் என்பதை மாறிவிடும் என்று மக்கள் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு, 433-ஏ. 1978 டிசம்பர் 18 முதல் நடைமுறைக்கு வந்தது. அது நேர் எதிரான திசை, 14 வருஷம் உள்ளே இருக்காமல் விடக்கூடாது என்பது. அதாவது 14 என்பது கூரை அல்ல, தரை. மூன்றாவது பழக்கம். எழுபதுகளில் கழிவு நாட்கள் எல்லாம் சேர்த்து அதற்கு முன்பே நிறையப் பேர் வெளியே வந்தார்கள், அதைப் பார்த்த கண்கள் இன்னும் இருக்கின்றன.

இ.த.ச. (பழைய இந்திய தண்டனைச் சட்டம்) 57-ல் 20 என்று ஓர் எண் உண்டு, அதையும் சிலர் இழுப்பார்கள். அது தண்டனையில் பாதி, கால் என்று கணக்குப் போடுவதற்கு மட்டும்.

ஆகஸ்ட் 6, கொஞ்சம் கழித்து

மேலே எழுதியதில் ஒரு குறை. 433-ஏ எல்லா ஆயுள் கைதிகளுக்கும் இல்லை. மரண தண்டனையும் கொடுக்கலாம் என்றிருக்கிற குற்றத்தில் ஆயுள் பெற்றவர்களுக்கும், மரணத்திலிருந்து ஆயுளாகக் குறைக்கப்பட்டவர்களுக்கும் மட்டும். கொலை அதில் வரும். உங்கள் மைத்துனருக்குப் பொருந்தும். புதிய சட்டத்தில் அது 475. 433(பி) இருந்த இடத்தில் வந்திருக்கும் 474, ஆயுளை ஏழு வருஷத்துக்குக் குறையாத சிறைவாசமாக மாற்றலாம் என்கிறது. அந்த ஏழைப் பார்த்து யாரும் சந்தோஷப்பட வேண்டாம், கொலைக்கு 475 குறுக்கே நிற்கும்.

ஆகஸ்ட் 9

சரி, அரசியல் சாசனம்.

நம் சாசனத்தில் தண்டனைக்கு எண் கிடையாது. இத்தனை வருஷத்துக்கு மேல் கூடாது என்று எங்கும் எழுதவில்லை. அமெரிக்கர்களுக்கு அவர்களுடைய எட்டாவது திருத்தத்தில் கொடூரமான, வழக்கத்துக்கு மாறான தண்டனை கூடாது என்று ஒரு வரி இருக்கிறது. நமக்கு அந்த வரியும் இல்லை. இருப்பவை இரண்டு. 20-வது பிரிவு: குற்றம் நடந்த நாளில் என்ன சட்டம் இருந்ததோ அதற்கு மேல் தண்டிக்கக் கூடாது, ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை கூடாது. அப்புறம் 21: சட்டப்படியான நடைமுறை இல்லாமல் உயிரையோ சுதந்திரத்தையோ பறிக்கக் கூடாது.

20 உயிரோடு இருக்கிற பிரிவு. குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தை 2019 ஆகஸ்ட் 16 முதல் கடுமையாக்கி, ஆயுள் என்றால் இயற்கையான வாழ்நாள் முடியும்வரை என்று சேர்த்தார்கள். சத்தீஸ்கரில் அந்த வருஷம் மே மாதம் நடந்த குற்றம் ஒன்றுக்குப் புதிய தண்டனையைக் கொடுத்துவிட்டார்கள். குற்றவாளி என்ற முடிவில் எந்த மாற்றமும் இல்லை, ஆனால் வாழ்நாள் முடியும்வரை என்ற சொற்களைப் போன மாதம்தான் உச்ச நீதிமன்றம் நீக்கியது. மூன்று மாத வித்தியாசம்தான். குழந்தைக்கு எதிரான குற்றம் என்பதால் படிக்கும்போது வயிறு எரிகிறது. ஆனாலும் அது சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். இன்றைக்கு இவனுக்குத் தேதியை முன்னே தள்ளினால் நாளைக்கு யாருக்கு வேண்டுமானாலும் தள்ளலாம்.

21-ஐ வைத்துத்தான் நீதிமன்றங்கள் மற்ற எல்லாவற்றையும் கட்டின. 1978-ல் மேனகா காந்தி வழக்குக்குப் பிறகு, நடைமுறை என்று ஏதோ ஒன்று இருந்தால் போதாது, அது நியாயமாக இருக்க வேண்டும் என்று ஆனது. அதே வருஷம் சுனில் பத்ரா வழக்கில் கிருஷ்ணய்யர், நமக்கு எட்டாவது திருத்தம் இல்லாவிட்டாலும் பலன் அதேதான் என்கிற பொருளில் எழுதினார். தூக்குத் தண்டனை விதித்த அன்றே ஆளைத் தனிமைக் கொட்டடியில் போடும் பழக்கத்துக்கு எதிரான வழக்கு அது. தனிமைச் சிறை என்பது தனியாக ஒரு தண்டனை, நீதிபதி விதித்தால்தான் உண்டு, சிறை அதிகாரி விதிக்க முடியாது. நீதிபதியே விதித்தாலும் மொத்தம் மூன்று மாதத்துக்கு மேல் இல்லை, ஒரு தடவைக்கு 14 நாளுக்கு மேல் இல்லை.

ஆனால் என்னைக் கேட்டால் எல்லாவற்றையும்விடப் பெரிய தீர்ப்பு 1983-ன் மித்து வழக்கு. இ.த.ச. 303 என்று ஒரு பிரிவு இருந்தது. ஆயுள் தண்டனையில் இருக்கும் ஒருவன் கொலை செய்தால் மரணம், வேறு தண்டனையே இல்லை. நீதிபதி என்ன ஏது என்று பார்க்கவே முடியாது. உள்ளே ஒருவன் தன்னை அடித்துக்கொண்டே இருந்தவனைத் திருப்பி அடித்து, அவன் செத்தாலும் அதே தண்டனைதான். ஐந்து நீதிபதிகளும் அந்தப் பிரிவையே அடித்துப் போட்டார்கள். கொலைக்கு மரணம் கொடுக்கலாம் என்று 1980-ல் பச்சன் சிங் வழக்கில் சொன்ன அதே நீதிமன்றம்தான் இதையும் சொன்னது. மரணம் இருக்கலாம், ஆனால் ஆளைப் பார்க்காமல் கொடுக்கும் மரணம் இருக்க முடியாது. 2012-ல் ஆயுதச் சட்டத்தின் 27(3) இதே காரணத்தால் போனது. இ.த.ச.-வுக்குப் பதிலாக வந்த புதிய பி.என்.எஸ். 104-ல் பழைய 303 திரும்பி வந்திருக்கிறது, ஆனால் மரணம் அல்லது வாழ்நாள் முழுவதும் சிறை என்று நீதிபதி கையில் இரண்டு வழி கொடுத்துத்தான்.

நான் இரண்டு வரி என்று சொன்னேனே, அது இதற்காகத்தான். நீதிபதி ஆளைப் பார்த்தாக வேண்டும் என்று இத்தனை பெரிய தீர்ப்பு இருக்கிறது. கீழே எங்கள் கோர்ட்டில் அந்தப் பார்வைக்கு மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஐந்து நிமிஷம் கிடைத்தால் அதிகம்.

ஆகஸ்ட் 15

"கொலைகாரனுக்கு இவ்வளவு பரிந்து பேசுகிறீர்களே, செத்தவன் குடும்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை" என்று ஒருவர் கோபமாக எழுதியிருந்தார். கோபம் நியாயம்.

ஒரு தீர்ப்பு நாள். ஆயுள் சொல்லியாயிற்று. மாடிப்படிக்குக் கீழே இறந்தவரின் அப்பா உட்கார்ந்திருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும், கையில் மஞ்சள் பை, அதில் மகனின் போட்டோ. விசாரணைக்கு ஒவ்வொரு வாய்தாவுக்கும் அந்தப் போட்டோவோடு வருவார், யாரும் கேட்டதில்லை. நான் டீ குடிக்க இறங்கும்போது நிறுத்தி, "தம்பி, எத்தனை வருஷம் போட்டாங்க?" என்றார். ஆயுள் என்றேன். "அப்படின்னா?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ரொம்ப நாளைக்குங்க ஐயா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனேன். அரை மணி நேரம் கழித்து எதிரியின் மனைவி, இடுப்பில் பிள்ளையோடு, அதே படிக்கட்டுக்குக் கீழே என்னிடம் அதே இரண்டு கேள்வியைக் கேட்டார்.

இரண்டு குடும்பத்துக்கும் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரியாமல் வீட்டுக்கு அனுப்பினோம். பெரியவர் பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து ஊரில் அவனைப் பார்க்கும்போது சட்டம் தன்னை ஏமாற்றிவிட்டது என்று நினைப்பார். அந்தப் பெண் 14 முடிந்த மறுநாள் சிறை வாசலில் போய் நிற்பார். தண்டனையின் அளவை வெளிப்படையாகச் சொல்வது கைதிக்குக் காட்டும் கருணை மட்டும் இல்லை, அந்தப் பெரியவருக்கும் அது தர வேண்டிய பதில்.

ஆகஸ்ட் 17

மேலே எழுதியதையே காரணமாகக் காட்டி, "அப்படியானால் 25 வருஷம், 30 வருஷம், கழிவு கிடையாது என்று தீர்ப்பிலேயே எழுதிவிடுவது நல்லதுதானே" என்று கேட்டார் ஒருவர். நல்ல கேள்வி. இரண்டு நாள் யோசித்தேன்.

2008-ல் சுவாமி ஷ்ரத்தானந்தா வழக்கில் தொடங்கியது இது. பெங்களூரில் மனைவியை உயிரோடு புதைத்தவர். தூக்கு அதிகம், 14-ல் வெளியே வந்தால் ரொம்பக் குறைவு என்று இரண்டுக்கும் நடுவே ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: சாகும்வரை வெளியே விடக் கூடாது என்று கோர்ட்டே எழுதுவது. சட்டப் புத்தகத்தில் அப்படி ஒரு தண்டனை இல்லை. ராஜீவ் காந்தி கொலை வழக்குக் கைதிகளைத் தமிழ்நாடு அரசு 2014-ல் விடுவிக்கப் போனதிலிருந்து கிளம்பிய ஸ்ரீஹரன் வழக்கில், 2015 டிசம்பர் 2 அன்று ஐந்து பேர் அமர்வு இதை முடிவு செய்தது. மூன்று பேர் செல்லும் என்றார்கள். யு.யு.லலித்தும் ஏ.எம்.சப்ரேயும் செல்லாது, இல்லாத தண்டனையை நீதிமன்றம் உண்டாக்க முடியாது, குறைக்கும் அதிகாரம் அரசிடம் இருக்கிறது, அதைத் தீர்ப்பால் மூட முடியாது என்றார்கள். அப்போது நான் வேலையில் இருந்தேன். எங்கள் நூலகத்தில் உட்கார்ந்து அந்தச் சிறுபான்மைத் தீர்ப்பை முழுக்கப் படித்தேன், அதுதான் சரி என்று பட்டது. 30 வருஷம் கழித்து அந்த மனிதன் எப்படி இருப்பான் என்று இன்றைக்கே எழுதி வைக்க யாராலும் முடியாது.

ஆனால் ஒன்று, இந்த அதிகாரம் ஹைகோர்ட்டுக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் மட்டும்தான். செஷன்ஸ் நீதிபதி கொலைக்கு ஆயுள் என்று எழுதலாம், கழிவு இல்லாமல் இத்தனை வருஷம் என்றோ கடைசி மூச்சுவரை என்றோ சேர்க்க முடியாது. சகோதரி, உங்கள் தீர்ப்பு நகலில் அப்படி ஏதாவது வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆகஸ்ட் 18

நேற்று எழுதியதை ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். லலித் பக்கம் என்று உறுதியாகச் சொன்னேன். ஆனால் அந்த நடுவழி இல்லாமல் இருந்திருந்தால், 2008-க்குப் பிறகு 20, 25, 30 வருஷம் என்று தப்பியவர்களில் எத்தனை பேருக்குக் கயிறு விழுந்திருக்கும்? நீதிபதிக்குக் கையில் தூக்கும் 14-ம் மட்டும் இருந்தால் சிலர் தூக்கைத்தான் எடுப்பார்கள், அதை நேரில் பார்த்தவன் நான். ஆகவே சட்டப்படி லலித் சரி என்ற எண்ணம் மாறவில்லை, ஆனால் மற்ற மூவர் தீர்ப்பால் உயிரோடு இருப்பவர்கள் இருக்கிறார்கள், அதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் தப்பு.

ஆகஸ்ட் 23

தாமதம் பற்றி எழுதச் சொன்னார்கள். இதுவும் நம் ஊரிலிருந்து போனதுதான். சுங்க அதிகாரிகள் மாதிரி நடித்து, சென்னைக்கு வருகிறவர்களைக் கூட்டிப் போய், தூக்க மாத்திரை கொடுத்து, பறித்துக்கொண்டு கொன்ற கும்பல். அதன் தலைவர் என்று தண்டிக்கப்பட்ட வைத்தீஸ்வரன் 1975 ஜனவரியிலிருந்து தூக்குக் கைதியாகத் தனிக் கொட்டடியில் எட்டு வருஷம் கிடந்தார். 1983-ல் நீதிபதி சின்னப்ப ரெட்டி, குற்றம் எவ்வளவு கொடியது என்பதை ஒளிக்காமல் எழுதிவிட்டு, இரண்டு வருஷத்துக்கு மேல் தாமதமானால் தூக்கு ஆயுளாக வேண்டும் என்றார். ஆகவே இரண்டு வருஷம் தாண்டிய தூக்குக் கைதி யாராக இருந்தாலும் கேட்கலாம்.

ஆகஸ்ட் 23, மாலை

கடைசி வாக்கியம் தவறு, ஒருவர் சுட்டிக்காட்டினார், நன்றி. அந்த இரண்டு வருஷ விதி ஆறு வாரம்கூட நிற்கவில்லை. ஷேர் சிங் வழக்கில் அப்படி ஓர் எண் வைக்க முடியாது என்றார்கள், 1989-ல் திரிவேணிபென் வழக்கில் ஐவர் அமர்வு முழுவதுமாக மாற்றிவிட்டது. இன்று நிற்பது வேறு: கருணை மனுவை அரசு காரணமில்லாமல் வருஷக்கணக்கில் போட்டு வைத்திருந்தால் அதுவே 21-க்கு எதிரானது. 2014 ஜனவரி 21-ல் சத்ருகன் சவுகான் வழக்கில் இப்படிப் பதினைந்து பேருக்குத் தூக்கு ஆயுளானது. வீரப்பன் கூட்டாளிகள் என்று தண்டிக்கப்பட்ட நால்வர் அதில் உண்டு. அவர்களுக்கு மைசூர் தடா கோர்ட் கொடுத்தது ஆயுள்தான், 2004-ல் உச்ச நீதிமன்றமே அதைத் தூக்காக உயர்த்தியது. அடுத்த மாதம் பேரறிவாளன், சாந்தன், முருகன் மூவருக்கும் அதே காரணத்தால் குறைந்தது. அவர்களுடைய கருணை மனு 11 வருஷம் கிடந்தது.

ஆகஸ்ட் 26

நேற்று வந்த தீர்ப்பைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். மகாராஷ்டிராவின் துபாரே வழக்கு. சீராய்வு, கருணை மனு எல்லாம் முடிந்த தூக்குக் கைதி. 2022-ல் மனோஜ் வழக்கில், மரணம் விதிக்கும் முன் ஆளின் வளர்ப்பு, மனநிலை, சிறை நடத்தை பற்றியெல்லாம் அறிக்கை வாங்கிப் பார்க்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். அது தனக்குச் செய்யப்படவில்லை என்று 32-வது பிரிவில் (அடிப்படை உரிமைக்காக நேராக உச்ச நீதிமன்றம் போகும் வழி) வந்தார். எல்லாக் கதவும் மூடிய பிறகும் தண்டனை விசாரணையை மட்டும் மறுபடி நடத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. குற்றவாளி என்ற முடிவு அப்படியே நிற்கும். அது சிறுமிக்கு நடந்த கொடூரம், அந்தக் குடும்பத்துக்கு இது மறுபடி ஒரு காயம் என்பதும் உண்மை.

ஒரே ஒரு மரண தண்டனைத் தீர்ப்பை நான் தட்டியிருக்கிறேன். காலை பதினொன்றுக்குக் குற்றவாளி, பிற்பகல் மூன்றுக்குத் தண்டனை. நடுவில் அவருடைய வக்கீல், அரசு செலவில் நியமிக்கப்பட்டவர், வராந்தாவில் நின்று என்னிடம் ஒரு வெள்ளைத் தாள் கேட்டு வாங்கி, அதில் நாலு வரி எழுதினார். அதுதான் வாதம். சாகும்வரை தூக்கிலிட என்று தட்டும்போது எழுத்துப் பிழை வந்துவிடக் கூடாதே என்று மட்டும்தான் நினைத்தேன். ஹைகோர்ட் உறுதி செய்யாமல் எந்தத் தூக்கும் செல்லாது என்ற விதி இருப்பதால் கோப்பு அங்கே போனது, ஆயுளாகக் குறைந்து வந்தது. அன்று வீட்டில் நிம்மதியாகச் சாப்பிட்டேன். காலையில் குற்றம், மாலையில் மரணம் என்று ஒரே நாளில் முடிப்பது சரியா என்ற கேள்வியை 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமே ஐவர் அமர்வுக்கு அனுப்பியிருக்கிறது.

செப்டம்பர் 7

சகோதரி, உங்களுக்கு வேண்டியது இது. 14 முடியும் முன் எதுவுமே செய்ய முடியாதா என்றால், முடியும். 433-ஏ செல்லும் என்று 1980-ல் மாரு ராம் வழக்கில் சொன்னபோதே, மன்னிக்கவும் தண்டனையைக் குறைக்கவும் சாசனம் கொடுத்த அதிகாரங்களான குடியரசுத் தலைவரின் 72, ஆளுநரின் 161 இரண்டையும் எந்தச் சட்டமும் தொட முடியாது என்றும் சொன்னார்கள். அதுதான் சாசனம் வைத்த கதவு. 2008-ல் அண்ணா நூற்றாண்டுக்கு ஏழு வருஷம் முடித்த ஆயுள் கைதிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்த வழியாகத்தான் வந்தார்கள். 2018-ல் எம்.ஜி.ஆர். நூற்றாண்டுக்குப் பத்து வருஷம் என்று வைத்தார்கள். ஆனால் ஒவ்வோர் அரசாணையிலும் சில வகைக் குற்றங்களை விலக்குவார்கள், ஆகவே அடுத்த ஆணை வந்தால் முதலில் அந்த விலக்குப் பட்டியலைப் படியுங்கள்.

ஆளுநர் அமைச்சரவை சொன்னபடிதான் செய்ய வேண்டும். பேரறிவாளனுக்கு 2018 செப்டம்பர் 9-ல் அமைச்சரவை பரிந்துரைத்தது, ஆளுநர் இரண்டு வருஷத்துக்கு மேல் வைத்திருந்து 2021 ஜனவரியில் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். கடைசியில் 2022 மே 18-ல் உச்ச நீதிமன்றமே முழு நீதி வழங்கத் தனக்குள்ள 142-வது பிரிவைக் கையில் எடுத்து விடுவித்தது. கையெழுத்துக்காகக் காத்திருந்த அந்த வருஷங்களை எந்தத் தீர்ப்பும் விதிக்கவில்லை.

இன்னொரு கவலை. புதிய பி.என்.எஸ்.எஸ். 472, மரண தண்டனைக் கருணை மனுவுக்கு 30 நாள், 60 நாள் என்று கெடு வைத்ததோடு, குடியரசுத் தலைவர் முடிவை எந்த நீதிமன்றமும் விசாரிக்கக் கூடாது என்கிறது. அப்படி ஒரு சாதாரணச் சட்டத்தால் நீதிமன்றத்தை மூட முடியாது என்பதே என் நம்பிக்கை. மேலே சொன்ன பதினைந்து உயிர்களும் அந்த விசாரணையில்தான் பிழைத்தன.

செப்டம்பர் 21

சகோதரி தீர்ப்பு நகலின் கடைசி இரண்டு பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினார். அனுமதியோடு எழுதுகிறேன். கடைசிப் பத்திக்கு முந்தைய பத்தியில் "ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும்" என்று இருக்கிறது. ஆக 28 என்ற பேச்சே இல்லை. பதினொரு வருஷமாக அந்தத் தாள் அவர்கள் வீட்டு பீரோவில்தான் இருந்திருக்கிறது. கழிவு இல்லை என்ற வரியும் எங்கும் இல்லை.

இப்போது கணக்கு. தீர்ப்பு 2014 மார்ச் 12, அன்று உள்ளே போனவர் இன்னும் உள்ளேதான். அதற்கு முன் விசாரணைக் கைதியாக 94 நாள். அதையும் கழிக்க வேண்டும், ஆயுள் கைதிக்கும் உண்டு என்று 1985-ல் பகீரத் வழக்கில் சொல்லியாயிற்று. அப்படிப் பார்த்தால் 14 வருஷம் 2027 டிசம்பர் 9-ல் முடியும். ஆனால் இடையில் அம்மாவுக்கு உடம்பு முடியாதபோதும் தங்கை கல்யாணத்துக்கும் விடுப்பில் வந்த 41 நாள் உண்டு. விடுப்பு நாள் சிறையில் இருந்த நாளாகாது என்று 2023 ஜனவரியில் கோவா வழக்கொன்றில் சொல்லிவிட்டார்கள். அதைச் சேர்த்தால் 2028 ஜனவரி 19.

மாமியாரிடம் சொல்லும்போது இதை விடுதலைத் தேதி என்று சொல்லாதீர்கள். அன்று முதல் அரசு பரிசீலிக்கலாம், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பரிசீலனை அவருடைய உரிமை. கொள்கை வகுத்திருக்கிற மாநிலங்களில் கைதி மனுவே போடாவிட்டாலும் தகுதி வந்ததும் அரசே எடுத்துப் பார்க்க வேண்டும் என்று இந்த வருஷம் பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. மறுத்தால் காரணம் எழுத வேண்டும். குற்றம் கொடியது என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் போதாது, மறுபடி செய்வாரா, வெளியே வந்தால் குடும்ப நிலை என்ன என்றெல்லாம் பார்க்க வேண்டும் என்று 2000-லேயே லட்சுமண் நஸ்கர் வழக்கில் இருக்கிறது.

நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார். அன்று பக்கத்து வீட்டுக்காரர்களிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். அவர் சிறையில் தையல் கற்றுக்கொண்டார், பத்தாவது எழுதித் தேறினார் என்று சொன்னீர்களே, அந்தச் சான்றிதழ் நகல்களை இப்போதே வாங்கி வையுங்கள். 2014-ல் அவரைப் பற்றித் தீர்ப்பில் என்ன இருக்கிறது என்று அந்தப் போட்டோவில் பெரிதாக்கிப் பார்த்தேன். வயதான தாயார் இருப்பதாகவும், குறைந்தபட்ச தண்டனை வழங்குமாறும் தெரிவித்தார். நான் வேலை பார்த்த கோர்ட் இல்லை, வேறு மாவட்டம். எழுத்துக்கு எழுத்து அதே பத்தி.

மனுவை நான் தட்டித் தருகிறேன், வக்கீலிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அவரைப் பற்றிய பகுதிக்கு எனக்கு ஒரு முழுப் பக்கமாவது வேண்டும். அடுத்த சனிக்கிழமை சிறையில் அவரைப் பார்க்கப் போகும்போது இதையெல்லாம் கேட்டு எழுதி வாருங்கள்: எந்த வருஷம் என்ன வேலை, யார் வாத்தியார், என்ன புத்தகம் படித்தார், அம்மாவிடம் கடைசியாக என்ன பேசினார்.